கேரள எல்லையில் கடை முகப்பில் எல்இடி பலகை வைக்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

கேள்வி: பொள்ளாச்சியில் பேக்கரி நடத்துகிறோம். எல்லைக்கு அப்பால் கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் கிளை திறக்கப்போகிறோம். எழுத்து ஓடும் எல்இடி பலகை வைக்கலாமா? தமிழ்நாட்டு விதிகளே அங்கும் பொருந்துமா?

பொருந்தாது. தமிழுக்கு ஐந்து, ஆங்கிலத்துக்கு மூன்று, பிற மொழிக்கு இரண்டு என்று பெயர்ப்பலகையில் பங்கு பிரிக்கும் உங்கள் ஊர்க் கணக்கு எல்லையிலுள்ள கோபாலபுரத்தோடு முடிந்துவிடும். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டாரத்தில் பல ஆண்டுகளாகப் பெயர்ப்பலகை செய்யும் தொழிலில் இருக்கிறேன். இங்கே முதலில் பார்க்கப்படுவது மொழி அல்ல. அந்தப் பலகை கடையின் பெயரைச் சொல்கிறதா, அல்லது எதையாவது விற்கப் பார்க்கிறதா என்பதுதான்.

கேரள மின்வாரியத்தின் கட்டணப் பட்டியலில் விளம்பர விளக்குகளுக்கும் விளம்பரத் தட்டிகளுக்கும் எல்டி 9 (எல்டி என்றால் குறைந்த மின்னழுத்த இணைப்பு) என்று தனி வகை உண்டு. யூனிட் விலை சாதாரணக் கடைக் கட்டணத்தைவிடக் கூடுதல். ஆனால் கடையின் பெயர், முகவரி, வேலை நேரம் போன்ற அவசியமான விவரங்களை மட்டும் காட்டும் பலகைக்குக் கடையின் சொந்தக் கட்டணமே போதும் என்று அங்கேயே விலக்கும் தரப்பட்டிருக்கிறது. பேக்கரியின் பெயரும் ‘காலை 7 முதல் இரவு 9 வரை’ என்ற வரியும் ஓடினால் சிக்கல் இல்லை. ‘கேக் வாங்கினால் பப்ஸ் இலவசம்’ என்று ஓடவிட்டாலோ, குளிர்பான நிறுவனம் கொடுக்கும் பணத்துக்கு அதன் பெயரை நடுவில் நுழைத்தாலோ கதை மாறிவிடும். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு மின் பரிசோதனைக்கு வந்தவர்கள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஆகவே பெயர் ஒரு பலகையிலும் சலுகை வேறொரு பலகையிலும் இருக்கட்டும். சலுகைக்கு வாசலில் சிறிய கரும்பலகை போதும் என்பேன். என் வியாபாரத்துக்கு நானே எதிராகப் பேசுவதாக வீட்டில் சொல்வார்கள்.

அடுத்தது இடம். கேரள ஊராட்சிச் சட்டப்படி நெடுஞ்சாலைகளையும் அறிவிக்கப்பட்ட சாலைகளையும் ஒட்டி மூன்று மீட்டருக்குள் கட்டடம் எழுப்பக் கூடாது. அந்த இடத்தில் கம்பி நட்டுப் பலகை நிறுத்தும் ஆசையை விட்டுவிடுங்கள். சுவரோடு ஒட்டி மாட்டுவதே பாதுகாப்பு. மின்கம்பத்தில் கட்டவே கூடாது. 11 கிலோவோல்ட் வரையிலான மின்கம்பிகளிலிருந்து பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும். இரும்புச் சட்டத்தைத் தூக்கி நிறுத்தும் ஆள்தான் இதில் முதலில் பலியாவான். அனுமதியில்லாத பலகைகளை அகற்றாவிட்டால் உள்ளாட்சிச் செயலாளர்களே பொறுப்பு என்று கேரள உயர்நீதிமன்றம் 2024 இறுதியில் கண்டித்த பிறகு, யாரும் கண்டும் காணாமல் இருப்பதில்லை.

அனுமதி கேட்க வேண்டிய இடம் ஊராட்சி அலுவலகம். மனுவை ஊராட்சிச் செயலாளர் பெயருக்கு எழுதுங்கள். பலகையின் நீள அகலம், தரையிலிருந்து உயரம், கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம், முகப்பின் படம் ஆகியவற்றை இணைத்துவிட்டால் திரும்ப அலைய வேண்டியிருக்காது. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளிலுள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதும் உரிமையை 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தருகிறது. உரிமை இருக்கட்டும், மலையாளப் பிரதி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் கோப்பு சீக்கிரம் நகரும். விளம்பர வரி கட்ட வேண்டும் என்று இடைத்தரகர் பணம் கேட்டால், 2017இல் ஜிஎஸ்டி வந்ததோடு அந்த வரி போய்விட்டது என்று சொல்லுங்கள். உரிமக் கட்டணம் வேறு. அதற்கு ரசீது கிடைக்கும்.

இனி பலகை. எல்லோரும் விற்பது பி10 வகை, அதாவது விளக்குப் புள்ளிகளுக்கு இடையே 10 மில்லிமீட்டர் உள்ளது. ஒரு துண்டு 32 சென்டிமீட்டர் நீளம், 16 சென்டிமீட்டர் உயரம். உயரத்தில் 16 விளக்குப் புள்ளிகள்தான். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் மேலே மெய்யெழுத்தின் புள்ளியும் கீழே ‘கூ’, ‘ழு’ போன்றவற்றின் வளைவும் நசுங்கிவிடும். மலையாளக் கூட்டெழுத்துகளின் கதியும் அதேதான். இரண்டு துண்டு உயரத்துக்குக் கேளுங்கள், செலவு கூடினாலும்.

எழுத்து எவ்வளவு வேகமாக ஓடலாம் என்று கேட்பீர்கள். அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை 2007இல் மின்னணு விளம்பரப் பலகைகளில் ஒரு செய்தி 4 முதல் 10 நொடி நிற்கலாம், 8 நொடி நல்லது என்று வழிகாட்டியது. நமக்கு அது சட்டமில்லை. ஆனால் பொள்ளாச்சிச் சாலையில் பைக்கில் வருபவன் நிமிர்ந்து படித்துக்கொண்டே லாரியில் மோதாமலிருக்க நல்ல அளவுகோல். மினுக்கும் வெளிச்சம் வேண்டவே வேண்டாம். எனக்குத் தெரிந்து பலகைகள் மீது வரும் புகார்களில் பெரும்பாலானவை எதிர்வீட்டுப் படுக்கையறையிலிருந்து வருபவை. பொழுது சாய்ந்ததும் ஒளி தானாகக் குறையும் கருவி உள்ள பலகையாகப் பார்த்து வாங்குங்கள். கடை மூடும்போது அணைத்துவிடுங்கள்.