கோடியக்கரையில் பாடும் பறவைகள்

கேள்வி: கோடியக்கரை என்றாலே பூநாரைகளைத்தான் சொல்கிறார்கள். வலசை வரும் சிறு பாடும் பறவைகளையும் அங்கே காண முடியுமா?
– வாசகர் ஒருவர், மன்னார்குடி

பதில்: தாராளமாகக் காணலாம், பூநாரைகளின் புகழில் அவை மறைந்துபோனது அநியாயம் என்றே சொல்வேன். 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இப்பகுதியில், உப்பளங்களை விட்டுப் பாலை மரங்கள் அடர்ந்த உலர் பசுமைமாறாக் காட்டுக்குள் செல்லுங்கள். வடக்கிலிருந்து பெரும்பாலும் இரவில் பறந்துவரும் சிற்றினங்களுள் சில அங்கேயே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. வேறு சில, பாக் நீரிணையைக் கடந்து இலங்கைக்குச் செல்லுமுன் இளைப்பாறுகின்றன. கொடிக்கால் வாலாட்டி, பழுப்பு ஈப்பிடிப்பான், பழுப்புக் கீச்சான் ஆகியவற்றோடு, கண்டிப்பான வகைப்பாட்டில் பாடும் பறவையாகாத ஆறுமணிக்குருவியும் கண்ணில் படலாம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல ஆண்டுகளாக இங்கே மெல்லிய வலைகளில் பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு விடுவித்து, அவற்றின் பயணத்தை ஆராய்ந்துவருகின்றனர்.

அக்டோபர், நவம்பர் மாதங்களின் அதிகாலை ஏற்றது. ஆனால் குளிர்கால விருந்தாளிகள் இனப்பெருக்கக் காலத்தைப் போல முழுப்பாட்டுப் பாடுவது அரிது. புதருக்குள்ளிருந்து ‘செக், செக்’ என்று மட்டும் ஒலிக்கும் நாணல் கதிர்க்குருவியைக் குரலால்தான் கண்டுகொள்ள வேண்டியிருக்கும். ஒலியைப் பதிவுசெய்து ஒலிபரப்பி அவற்றை வெளியே வரவழைக்காதீர்கள். நெடுந்தூரம் பறந்து களைத்த பறவைக்கு அது வீண் அலைச்சல்.