ஆபீசுக்கு கூட்டிட்டுப் போன நாய் கடிச்சிருச்சு, கம்பெனி மேல கேஸ் போடலாமா?

கேள்வி, சுருக்கமா: ஓ.எம்.ஆர்ல ஐடி கம்பெனில வேலை. மேனேஜர் வாய்வார்த்தையா ஓகே சொன்னதால வெள்ளிக்கிழமைல என் லேப்ரடாரை ஆபீசுக்கு கூட்டிட்டு வந்துட்டிருந்தேன். போன வாரம் பேன்ட்ரில ஹவுஸ்கீப்பிங் அக்காவை மணிக்கட்டுல கடிச்சிட்டான். மேனேஜர் இப்ப எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறார், எச்.ஆர் விளக்கம் கேட்டு ஷோ காஸ் நோட்டீஸ் குடுத்துட்டாங்க. டைரக்டர் அவர் நாயை கொண்டு வந்தப்ப எல்லாரும் செல்ஃபி எடுத்தாங்க, எனக்கு மட்டும் நோட்டீஸா? பாகுபாடுன்னு கேஸ் போடலாமா?

பதில்: போடலாம், நிக்காது. டைரக்டர் நாய் யாரையும் கடிக்கல, அவ்வளவுதான் வித்தியாசம். மேனேஜர் கூட்டிட்டு வரச் சொல்லியிருந்தாலும் கயிறு உங்க கையில இருக்க வேண்டியது, அதை அவர் பிடிக்க முடியாது. அவன் உங்களுக்கு புள்ள மாதிரிங்கறதை நம்பறேன், நோட்டீஸ் பதில்ல எழுதாதீங்க. நீங்க அனுப்பின பிராணிகள் நல வாரியத்தோட 2015 சர்க்குலர் அபார்ட்மென்ட் சங்கத்துக்காரங்க நாய் வளர்க்கறவங்களை தொந்தரவு பண்ணக்கூடாதுங்கறதுக்கு வந்தது, உங்க ஆபீசுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

நீங்க இணைச்ச ஸ்க்ரீன்ஷாட்ல ஒரே ஒரு வரிதான் எனக்கு வேணும். அன்னைக்கு சாயங்காலம் டீம் குரூப்ல "சாரி, அவனுக்கு யூனிஃபார்ம் போட்டவங்களை கண்டாலே ஆகாது, எங்க அபார்ட்மென்ட் செக்யூரிட்டியையும் இப்படித்தான் பண்ணான்"னு போட்டிருக்கீங்க. நல்ல மனசோட போட்டதுதான், ஆனா மொத்த கேசும் அதுல அடங்கிருச்சு. பி.என்.எஸ் (ஐ.பி.சிக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 291 என்ன கேக்குதுன்னா, நாயால ஆபத்து வரலாம்னு தெரிஞ்சோ அலட்சியமாவோ போதுமான ஏற்பாடு பண்ணாம விட்டீங்களாங்கறது. ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் இல்லன்னா 5,000 ரூபாய் வரைக்கும் ஃபைன், ரெண்டுமேகூட சேர்த்து குடுக்கலாம். உசுருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ வர்ற அளவுக்கு இருந்தாத்தான் அந்த செக்‌ஷன் பொருந்தும், மணிக்கட்டுல பட்ட கடி அதுல வராதுன்னு நாங்க வாதாடலாம், ஆனா அது விசாரணைல சொல்ற வாதம், ஸ்டேஷன்ல எடுபடாது. நஷ்டஈடு கேட்டு சிவில்ல போனாலும் முதல் கேள்வியே இந்த நாய்க்கு இப்படி ஒரு பழக்கம் இருக்கறது ஓனருக்கு தெரியுமாங்கறதுதான். தெரியும்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க.

அதை டெலீட் பண்ணாதீங்க. குரூப்ல இருக்கற மத்தவங்க போன்ல அது இருக்கும், நீங்க அழிச்சது மட்டும் தனியா தெரியும்.

இதைவிட மோசமா மாட்டிக்கிட்டவங்களை பாத்திருக்கேன். பயந்துபோய் நாயை ராத்திரியோட ராத்திரியா ஊருக்கு அனுப்பிடுவாங்க. கடிச்ச நாயை பத்து நாள் கண்ணு முன்னாடி வச்சு கவனிக்கணும், அது நல்லா இருந்தாத்தான் கடிபட்டவங்களுக்கும் நிம்மதி, டாக்டருக்கும் ஒரு தெளிவு. அந்த நேரத்துல நாயைக் காணோம்னா எதையோ மறைக்கறீங்கன்னுதான் பேச்சு வரும். உங்க வீட்லயே வச்சுக்கங்க, தடுப்பூசி சர்டிஃபிகேட்டும் கார்ப்பரேஷன் லைசென்சும் கையில இருக்கட்டும். லைசென்ஸ் எடுக்கலையா, இன்னைக்கே அப்ளை பண்ணுங்க, பழைய தேதில யாராவது ஏற்பாடு பண்ணித் தர்றேன்னா அந்தப் பக்கமே போகாதீங்க.

இன்னொண்ணு ஐடிக்காரங்க நிறைய பேர் பண்றது. கேஸ் ஆகி கோர்ட்டுக்கு கூப்பிட்டா, சின்ன ஃபைன்தானே, ஒத்துக்கிட்டு கட்டிட்டு வந்துடுவோம்னு போயிடுவாங்க. அது தண்டனைங்க. ட்ராஃபிக் சலான் கட்டற மாதிரி நெனச்சுட்டு அஞ்சாறு வருஷம் கழிச்சு அடுத்த கம்பெனியோட வெரிஃபிகேஷன்ல தலையை சொறிஞ்சுட்டு நிப்பாங்க. கேஸ் நிலுவைல இருந்தாலே பாஸ்போர்ட் புதுப்பிக்க கோர்ட்ல அனுமதி வாங்கற நிலை வரும், ஆன்சைட் போற ஆசை இருந்தா யோசிச்சுக்கங்க.

அதனால வெளிப்படையா சொல்றேன், அந்த அக்காகிட்ட செட்டில் பண்ணுங்க. அவங்க அரசு ஆஸ்பத்திரிக்கு போயிருந்தா ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்) என்ட்ரி ஏற்கனவே விழுந்திருக்கும், இன்னும் எஃப்.ஐ.ஆர் ஆகலங்கறது உங்க அதிர்ஷ்டம். ஆயிடுச்சுன்னா 291 கீழமை கோர்ட்ல ராஜியாகற செக்‌ஷன் இல்ல, ஹைகோர்ட்ல கேசை ரத்து பண்ணச் சொல்லி க்வாஷ் போட்டுத்தான் முடிக்கணும், அந்த செலவுல அவங்களுக்கு ரெண்டு மடங்கு குடுத்துடலாம். ஊசி இலவசம்தானேன்னு பேரம் பேசாதீங்க, ஊசிக்குப் போற நாள் ஒவ்வொண்ணும் அவங்களுக்கு கூலி போற நாள். பணம் அவங்க பேங்க் அக்கவுன்டுக்கே போகணும், கான்ட்ராக்டர் கையில குடுத்தா பாதிதான் போய்ச் சேரும், மறுபடியும் உங்ககிட்டதான் வருவாங்க. சிகிச்சை செலவுக்கும் சம்பள இழப்புக்கும்னு எழுதி கையெழுத்து வாங்குங்க. போலீசுக்கு போக மாட்டேன்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லி யாராவது சொல்வாங்க, அது ஒப்பந்தச் சட்டம் 23-ன் கீழ செல்லாது, அதோட அந்தம்மாவை மிரட்டி வாங்கின மாதிரி ஆயிடும்.

ஷோ காஸ் பதில் ஒரு பக்கம் தாண்ட வேணாம். தேதி, நடந்தது, உடனே ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போனது, மேனேஜருக்கு தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தீங்கன்னு ஒரே வரி, போதும். எல்லாப் பொறுப்பும் என்னுதுன்னு எச்.ஆர் ஒரு லெட்டர் நீட்டுவாங்க, அதுல கையெழுத்து போடாதீங்க. வேலையை விட்டு எடுத்தா அப்ப கடைகள் நிறுவனங்கள் சட்டம் 41-ல அப்பீல் பாத்துக்கலாம், அதுக்கு முன்னாடி ராஜினாமா கேட்டாங்கன்னு எழுதிக் குடுத்துட்டா அந்த வழியும் போச்சு.