துக்கமும் மனரம்மியமும் ஒரே கடிதத்தில்

தம்பி, நீங்கள் கேட்டிருந்தது இதுதான்: திருகோணமலை உப்புவெளியிலிருந்து கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்து முதல் குளிர்காலம். அகதிக் கோரிக்கைக்கு விசாரணைத் திகதி இன்னும் வரவில்லை. ஏஜென்சி மூலம் இரவு வேலை, பகலில் நித்திரை இல்லை. ஊரில் அம்மாவுக்குச் சலரோகம், காலில் புண். சபையில் சாட்சி நேரத்தில் ஒவ்வொருவராக எழும்பி ஆண்டவர் நடத்தின விதத்தைச் சொல்லும்போது உங்களுக்கு வாய் வரவில்லை. அப்போஸ்தலன் பவுல் எந்த நிலைமையிலும் மனரம்மியமாய், அதாவது மனநிறைவோடு, இருந்தாரே, எனக்கு ஏன் அது வரவில்லை, என் விசுவாசம் பொய்யோ என்று கேட்கிறீர்கள்.

பொய் இல்லை தம்பி. அந்த வசனம் பவுல் பிலிப்பி சபைக்கு எழுதின கடிதத்தில், பிலிப்பியர் 4ஆம் அதிகாரத்தில் வருகிறது. அதே கடிதத்தின் 2ஆம் அதிகாரத்தையும் இன்றைக்கு வாசியுங்கள். பவுல் காவலில் இருக்கிறார். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்ற சகோதரனிடம் அவருக்கு உதவி அனுப்புகிறார்கள். வந்த இடத்தில் அந்த மனிதருக்குச் சாகிற அளவுக்கு வியாதி. தான் படுத்திருப்பது ஊராருக்குத் தெரிந்துவிட்டதே என்பதுதான் அவருக்குப் பெரிய வியாகுலம். அம்மாவிடம் காய்ச்சலை மறைத்துக்கொண்டு போனில் சிரிக்கிற எங்கள் எல்லோருக்கும் அது விளங்கும். அவர் பிழைத்ததைப் பற்றிப் பவுல் எழுதும்போது, தனக்குத் 'துக்கத்தின்மேல் துக்கம்' வராதபடி தேவன் இரங்கினார் என்கிறார். ஏற்கெனவே ஒரு துக்கம் இருந்திருக்கிறது, மேலே ஒன்று வந்தால் தாங்காது என்றும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதே மனிதர்தான், அதே கடிதத்தில், மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்று எழுதுகிறார். பவுலுக்கே பட்டினியும் நிறைவும் மாறி மாறி வந்துதான் அது படிந்தது. முதல் குளிர்காலத்திலேயே உங்களிடம் அதை எதிர்பார்ப்பவர்கள் அவசரப்படுகிறார்கள்.

நானும் உப்புவெளிதான். அப்பாவுக்குக் கடல் தொழில். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, கடல் ஏறி வந்து வள்ளத்தையும் எஞ்சினையும் வலைகளையும் கொண்டுபோனது. சித்தியின் கடைசி மகனையும் கொண்டுபோனது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள், "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்றார்கள். அப்பா எழும்பி வளவுக்குள் போய்விட்டார். வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபு தன் வாயால் தன் இழப்புக்குச் சொன்ன வார்த்தை அது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து யோபுக்குச் சொல்லவில்லை. அந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல மனிதர்களும் காயப்படுத்துவார்கள், இங்கேயும்தான்.

அதற்குப் பிறகு அப்பா தேவாலயத்தில் பாடுவதை விட்டுவிட்டார். கடைசி வாங்கில் இருப்பார். மடியில் 13ஆம் சங்கீதம் திறந்திருக்கும்: 'கர்த்தாவே, எதுவரைக்கும்'. அதைத் தாண்டிப் பக்கம் புரட்ட மாட்டார். மற்ற நாட்களில் கரையில் ஒதுங்கிய வலைத் துண்டுகளைப் பொறுக்கி வந்து, மண்ணை உதறி, சிக்கிக் கிடந்த சுள்ளியையும் பிளாஸ்டிக்கையும் களைந்து, பழுதாகாத கண்களை வெட்டியெடுத்து ஒன்றோடொன்று முடிந்துகொண்டிருப்பார். முடிச்சை இழுத்து இறுக்கும்போது உதடு அசையும். என்ன சொன்னார் என்று நான் கேட்டதில்லை. கோபம் இருந்தது, ஆனால் அந்தக் கோபத்தையும் ஆண்டவரிடமே கொண்டுபோனார். நான் கண்ட விசுவாசங்களில் அதுதான் பெரியது.

ஆகவே சாட்சி நேரத்தில் இல்லாததைச் சொல்லாதீர்கள். கேட்டால், "எனக்காக ஜெபியுங்கோ, நித்திரை இல்லை" என்று சொல்லுங்கள். அதுவும் சாட்சிதான்.

இன்னொன்று. யாராவது உங்கள் தலையில் கை வைத்து, "இந்த வருசம் உமக்குப் பேப்பர் (இங்கே இருக்கிற அனுமதி) கிடைக்கும், கர்த்தர் சொன்னார்" என்றால் கவனமாயிருங்கள். எரேமியா 28இல் அனனியா என்ற பொய்த் தீர்க்கதரிசி அப்படித்தான், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்கள் 2 வருசத்தில் திரும்புவார்கள் என்றான். சனத்துக்கு அது இனித்தது. அடுத்த அதிகாரத்தில் எரேமியா தீர்க்கதரிசி பாபிலோனில் இருந்த அவர்களுக்குக் கடிதம் எழுதுகிறார்: 70 வருசம் செல்லும், வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். நாங்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிற 11ஆம் வசனம், சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்பது, அந்த 70 வருசக் கணக்குக்கு அடுத்த வரி. காத்திருப்பு முடிந்த பிறகுதான் வாழ்க்கை தொடங்கும் என்று கர்த்தர் அவர்களுக்குச் சொல்லவில்லை. எனக்கு இங்கே பேப்பர் வர முன்னமே பச்சை மிளகாய் நட்டேன், வாளியில், வாடகை வீட்டின் பின்படியில். விக்டோரியா டே கழிந்து மே கடைசியில்தான் வெளியே வைக்க வேண்டும், முந்தினால் பனி கருக்கிவிடும். நீங்களும் இந்த வருசம் வையுங்கள். கன்று நான் தருகிறேன்.

ஆண்டவரை நம்புகிறவன் அலுவலை விட்டுவிட மாட்டான். வீடு மாறினால் புதிய விலாசத்தை, உங்கள் கோரிக்கையை விசாரிக்கிற அரசாங்க அகதிகள் சபைக்கும் (IRB) குடிவரவுத் திணைக்களத்துக்கும் உடனே அறிவியுங்கள். விசாரணைக் கடிதம் பழைய வீட்டுக்குப் போனால் பெரிய சிக்கல். நித்திரை இல்லாததற்கு டொக்டரிடம் போங்கள். கோரிக்கை போட்டவர்களுக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் இருக்கிறது, அதை ஏற்கிற டொக்டரா என்று முதலே கேளுங்கள். வேறு உதவி எங்கே கிடைக்கும் என்று தெரியாவிட்டால் 211க்கு அடியுங்கள், இலவசம்.

அம்மாவுக்கு எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம், எல்லாவற்றையும் மறைக்கவும் வேண்டாம். குளிர்காலத்தில் இங்கே இரவு 9 மணி என்றால் அங்கே காலை ஏழரை. வேலைக்கு வெளிக்கிடும் நேரம் எடுத்தால் அவ காலுக்கு மருந்து கட்டும் நேரமாயிருக்கும். "நானும் கஷ்டப்படுறன் அம்மா, ஜெபியுங்கோ" என்று ஒருநாள் சொல்லிப் பாருங்கள். பிள்ளைக்காக ஜெபிக்க ஒரு காரியம் கையில் கிடைத்தால் அவவுக்கும் அது பலம்.

உதவியை வாங்க வெட்கப்படாதீர்கள். பவுல் 'எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு' என்று எழுதின கையோடு, நீங்கள் என் உபத்திரவத்தில் பங்கெடுத்தது நல்லது என்று பிலிப்பியருக்கு நன்றி சொல்கிறார். ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டில் சில குடும்பங்கள் கூடி ஜெபித்துச் சாப்பிடுவோம். அன்றைக்குப் புட்டும் மீன் குழம்பும். சனி இரவு வேலை இருந்தால் முதலில் நித்திரை கொள்ளுங்கள், பிந்தி வந்தாலும் சாப்பாடு எடுத்து வைத்திருப்பேன். உங்களுக்கு வந்த அரசாங்கக் கடிதங்களையும் கொண்டு வாருங்கள், சேர்ந்திருந்து வாசிப்போம்.