முதல் மூணு நாள்தான் சார் கண்டம்!

கேள்வி: ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் கேனரி தீவுல இருந்து அட்லாண்டிக் கடலத் தாண்டி, கரீபியன்ல இருக்கிற செயின்ட் லூசியா தீவுக்கு பாய்மரப் படகுல போறோம், ஆரம்ப நாட்கள் கஷ்டமா இருக்குமா?

பதில்: இருக்கும், மறைக்க மாட்டேன். சுமார் 2,700 கடல் மைல், மூணு வாரம் போல ஆகும், ஆனா வாட்டி எடுக்கிறது முதல் ரெண்டு மூணு நாள்தான். கேனரியில இருக்கிற லாஸ் பால்மாஸ் துறைமுகத்த விட்டு கிளம்பினதுமே தீவு மலைகளுக்கு நடுவுல காத்து நெருக்கிட்டு வந்து திடீர்னு வேகம் எடுக்கும், அந்த நேரம் பார்த்து கீழ போய் சமைக்கிறேன்னு நின்னீங்க, குடல் வாய்க்கு வந்துரும். அதனால சாப்பாட்ட கரையிலயே செஞ்சு எடுத்துக்கங்க, வாந்தி மாத்திரைய டாக்டர்ட்ட கேட்டு கிளம்புறதுக்கு முன்னாடியே போடுங்க. ராத்திரி மூணு மணி நேரத்துக்கு ஒருத்தர்னு முறை வச்சு முழிங்க, சேஃப்டி பெல்ட் மாட்டாம மேல வராதீங்க. அப்புறம் அட்டைப் பெட்டிய ஏத்தவே ஏத்தாதீங்க, கரப்பான் முட்டை அதுலதான் ஓசில வரும்! தூக்கம் இல்லாம சண்டையும் வரும், பேசாம போய்ப் படுங்க.