ஓட்டையை மூடுவதா, வெட்டுவதா?

கேள்வி: 1962 மோரிஸ் மைனர் கார் ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். டிரைவர் காலடியில் தரைத் தகடு துருப்பிடித்து, கையளவு ஓட்டை. மறுபக்கமும் பொரிந்து கிடக்கிறது. மேலேயே புதுத் தகடு வைத்து ரிவெட் அடித்தால் போதும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். என் முதல் காரில் நானும் அந்த வேலையைத்தான் செய்தேன். இரண்டு தகட்டுக்கும் நடுவே ஈரம் தங்கி, இரண்டே வருடத்தில் பழையதோடு புதியதையும் துரு தின்றுவிட்டது.

கையளவு என்கிறீர்கள். தரையில் ஒட்டியிருக்கும் தார் அட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் குத்திக்கொண்டே போங்கள். 'ணங்' என்று கேட்கும் இடத்தில்தான் நல்ல இரும்பு. ஓட்டை எப்படியும் முறத்தளவு ஆகும்; பயப்படாதீர்கள்.

உடனே கிரைண்டரைத் தூக்காதீர்கள். இந்தக் காருக்குத் தனி சேஸிஸ், அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. தரையும், கதவுக்குக் கீழே பெட்டிபோல ஓடும் சில்லும் சேர்ந்துதான் பாடியைத் தாங்குகின்றன. வெட்டினால் நடு முதுகு தொய்யும். கதவுகளை மாட்டி, சுற்றியுள்ள சந்துகளை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கதவு வாசலின் குறுக்கே, கதவு மூடுவதற்கு இடைஞ்சல் இல்லாமல் உள்பக்கமாக, சதுரக் குழாய் வைத்து வெல்டு செய்யுங்கள். ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகே மறுபக்கம். அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக வெட்டிய ஒரு காரில், வேலை முடிந்ததும் கதவு பூட்டவே மறுத்தது. போட்ட வெல்டிங்கை நானே அறுத்தெடுத்தேன். அந்தக் காரை இன்னும் கனவில் பார்க்கிறேன்.

இன்னொன்று: மோரிஸ் மைனரில், மிதியை அழுத்தினால் பிரேக் ஆயிலைத் தள்ளிவிடும் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடித் தரைக்குக் கீழேயே இருக்கிறது. பிரேக் ஆயில் தீப்பிடிக்கும். சிலிண்டர், பிரேக் குழாய், பெட்ரோல் டேங்க், பேட்டரி எல்லாவற்றையும் கழற்றி வெளியே வைத்த பிறகே நெருப்பு. தார் அட்டையும் புகைந்து எரியும். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

தகடு 1 முதல் 1.2 மி.மீ. கனத்தில் போதும். துத்தநாகப் பூச்சுள்ள தகடு வாங்கினால் வெல்டு செய்யும் ஓரங்களில் பூச்சைத் தேய்த்து எடுங்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலே வரும். முதலில் அட்டையில் மாதிரி வெட்டிப் பாருங்கள். மூலைகள் வளைவாக இருக்கட்டும். கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும். பழைய தரையில் இருந்த வரிப்பள்ளங்களைப் புதியதிலும் அடித்தெடுங்கள். வெறும் தட்டைத் தகடு கால் பட்டாலே டப் டப்பென்று துடிக்கும். மிக் வெல்டிங்கில் (கம்பி தானாக வந்து உருகும் வகை) 0.6 மி.மீ. கம்பி. இங்கே ஒரு பொட்டு, அடுத்தது எதிர்மூலையில், சூடு ஆறியதும் நடுவில். ஒரே இழுப்பில் இழுத்தால் தகடு அப்பளமாக நெளியும்.

பிறகு துருவைத் தடுக்க எபாக்சி ப்ரைமர், இணைப்புகளில் நீர் புகாமல் சீலர், சில்லுக்குள் மெழுகு எண்ணெய்.

துரு மாற்றும் திரவம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நண்பர் அடுத்து அதைச் சொல்வார். மேல்துருவுக்குச் சரி, ஓட்டையை அது அடைக்காது.

கார்ப்பெட்டை மட்டும் இப்போது விரிக்காதீர்கள். முன்கண்ணாடி ரப்பரிலும் கதவு ரப்பரிலும் ஹோஸ் பைப்பால் தண்ணீர் பீய்ச்சி, எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க உள்ளே ஒருவரை டார்ச்சோடு உட்கார வையுங்கள். ரிவெட் நண்பரே போதும்.