ஓபியில் தொழிலைக் கேளுங்கள்: இளம் மருத்துவர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்தத் தடவை கடிதம் போட்டவர்களில் பாதிப் பேர் ஹவுஸ் சர்ஜன்கள். மீதிப் பேர் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு, தொழில்சார் மருத்துவம் (வேலையால் வரும் நோய்களைப் பார்க்கும் பிரிவு) பக்கம் வரலாமா என்று யோசிப்பவர்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

ஏஎஃப்ஐஹெச் (தொழிலக உடல்நலச் சான்றிதழ்) மூன்று மாதப் படிப்பை முடித்தால் போதுமா? தனியாக ஓபி (புறநோயாளிப் பிரிவு) பயிற்சி வேண்டுமா? (பரமக்குடி)

தொழிற்சாலை மருத்துவர் வேலைக்கு அந்தச் சான்றிதழ் தேவை. சென்னையில் மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் படிக்கலாம். ஆனால் மூன்று மாத வகுப்பில் சட்டமும் அளவீடும்தான் கற்றுக்கொள்ள முடியும், நோயாளியின் கையைப் பிடித்துப் பார்க்கும் பழக்கம் ஓபியில் உட்கார்ந்தால்தான் வரும். இரண்டும் வேண்டும்.

திருக்கை முள் குத்தினால் ஐஸா, வெந்நீரா? (பாம்பன்)

வெந்நீர். சுமார் 45 டிகிரி, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை. குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, அதனால் நல்ல கையை முதலில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் முள் துண்டு உள்ளே இருக்கிறதா என்று எக்ஸ்ரே, டிடி ஊசி. காயத்தை இறுக்கித் தைக்காதீர்கள். மார்பிலோ வயிற்றிலோ முள் நின்றால் பிடுங்காமல் அப்படியே அறுவை சிகிச்சைக்கு அனுப்புங்கள்.

சார், ஒரு பேஷண்டுக்கு ரெண்டு கையிலும் அரிப்பு, என்ன க்ரீம் போடலாம்? (ஊர் இல்லை)

வயது இல்லை, எத்தனை நாளாக என்று இல்லை, என்ன வேலை என்று இல்லை. இறால் உரிப்பவரா, சிமென்ட் கலப்பவரா, முண்டு மிளகாய்க்குக் காம்பு கிள்ளுகிறவரா? மூன்றுக்கும் வழி வேறு. இவ்வளவு விவரத்தை வைத்துக்கொண்டு க்ரீம் பெயர் சொல்ல மாட்டேன். தொழிலைக் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.

விசைப்படகு டிரைவர்களுக்குக் காது பரிசோதனை எப்போது செய்வது? கடலுக்குப் போய் வந்த மறுநாள் செய்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு அளவு வருகிறது. (ராமேஸ்வரம்)

வரத்தான் செய்யும். இன்ஜின் பக்கத்தில் ராத்திரி முழுக்க இருந்த காது கொஞ்ச நேரம் மந்தமாகத்தான் இருக்கும், அந்த மந்தம் தற்காலிகம். குறைந்தது 14 மணி நேரம் சத்தமில்லாமல் இருந்த பிறகு சோதியுங்கள். நம் கடற்கரையில் இதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், படகு கரையில் நிற்கும், ஆட்களும் ஊரில் இருப்பார்கள். ஜூன் முதல் வாரத்தில் கூப்பிட்டு ஆடியோகிராம் (கேட்கும் திறன் வரைபடம்) எடுத்து வைத்தால் அதுதான் அவருடைய உண்மையான அடிப்படை அளவு. 4000 ஹெர்ட்ஸில் பள்ளம் தெரிகிறதா பாருங்கள், சத்தத்தால் வந்த பாதிப்புக்கு அது அடையாளம். ஒரு எச்சரிக்கை: தடைக்காலத்தில்தான் படகுக்கு மராமத்து நடக்கும். துரு தட்டினாரா, கிரைண்டர் பிடித்தாரா என்று கேட்காமல் ஹெட்போனை மாட்டாதீர்கள்.

ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிஷம்தான் கிடைக்கிறது. தொழில் வரலாறு எல்லாம் நடைமுறையில் முடியுமா? (ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டி)

இதே கேள்வி எல்லாத் தடவையும் வருகிறது, எனக்கும் எல்லாத் தடவையும் கோபம் வருகிறது. ரமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர், நோயாளியிடம் வழக்கமாகக் கேட்பதோடு ‘என்ன தொழில் செய்கிறாய்’ என்பதையும் கேள் என்று 1700ல் எழுதிவிட்டார். நம் ஓபி சீட்டில் இன்றைக்கும் அந்த இடத்தில் ‘கூலி’ என்று இருக்கும், இல்லாவிட்டால் காலியாக இருக்கும், பெண்ணாக இருந்தால் விசாரிக்காமலே ‘இல்லத்தரசி’ என்று இருக்கும்.

நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அக்கா வந்தார். வலது கை ஆள்காட்டி விரலிலும் புறங்கையிலும் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டிகள், ஒன்று உடைந்து கசிகிறது. இரண்டு இடத்தில் வாரக்கணக்காக ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்கள். சீட்டில் ‘இல்லத்தரசி’. கையைத் திருப்பிப் பார்த்தேன், விரல் நுனியெல்லாம் பழைய கீறல் தழும்பு, நகத்தோரம் தேய்ந்திருந்தது. “அக்கா, பாசிக்குப் போவீங்களா?” என்று கேட்டதும், சின்ன வயசிலிருந்து கடலில் முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுப்பதாகச் சொன்னார். விரலில் துணி சுற்றிக்கொண்டுதான் முங்குகிறார்கள், ஆனாலும் பார்க்கல் (கடலடிப் பாறை) கிழித்துவிடும். அந்தக் கீறல் வழியே போகிற மைக்கோபாக்டீரியம் மெரினம் என்ற கிருமிக்குக் குளிர்ச்சி வேண்டும், 30 டிகிரியை ஒட்டித்தான் நன்றாக வளரும். ‘கடலில் கை விடுகிறவர்’ என்று ஆய்வகத்துக்கு எழுதாவிட்டால் அவர்கள் 37 டிகிரியில் வைப்பார்கள், ஒன்றும் வளராது, நீங்களும் ‘கிருமி இல்லை’ என்று நம்புவீர்கள்.

எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்க எத்தனை நேரம் ஆனது? அரை நிமிஷம் கூட இல்லை. கேட்க வேண்டியது கொஞ்சம்தான்: இப்போது என்ன வேலை, கையால் எதைத் தொடுகிறீர்கள், முன்பு என்ன வேலை, லீவு விட்டால் குறைகிறதா, கூட வேலை செய்கிறவர்களுக்கும் இருக்கிறதா. சந்தேகம் வந்தால் மட்டும் நீட்டிக் கேளுங்கள். நேரமில்லை என்கிறவர்கள் அதே நோயாளிக்கு மூன்று தடவை மருந்து மாற்றி எழுத நேரம் கண்டுபிடிக்கிறார்கள், அவருக்கோ ஒவ்வொரு தடவையும் பஸ் காசும் ஒரு நாள் பாடும் போகிறது. கையைத் தொட்டுப் பாருங்கள், தொழிலைக் கேளுங்கள். இதை நான் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

சாயல்குடி பக்கம் கரிமூட்டம் போடும் (விறகை மூடி எரித்துக் கரி எடுக்கும்) ஒருவருக்கு மூச்சிரைப்பு. ஸ்பைரோமெட்ரி (ஊதவைத்து நுரையீரலை அளக்கும் சோதனை) நார்மல். தொழில் காரணம் இல்லை என்று எழுதிவிடலாமா? (சாயல்குடி)

எழுதாதீர்கள். உங்கள் முன்னால் ஊதிய அந்த ஒரு வேளைக்கு நார்மல், அவ்வளவுதான். ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரைக் கையில் கொடுத்து ஒரு நாளைக்கு நாலு வேளை, இரண்டு மூன்று வாரம் குறிக்கச் சொல்லுங்கள். மூட்டம் பிரிக்கிற நாளும் சும்மா இருக்கிற நாளும் அதில் கட்டாயம் வர வேண்டும்.

பயிற்சியில் ஒரு நாள் உப்பளம் கூட்டிப் போகிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்? (வாலிநோக்கம்)

பதினோரு மணிக்குப் போய் போட்டோ எடுத்துத் திரும்பினால் ஒன்றும் தெரியாது. விடியுமுன் போங்கள், உப்பு வாரும்போது பக்கத்தில் நில்லுங்கள். பாத வெடிப்பையும் கண்ணில் சதை வளர்ந்திருக்கிறதா என்பதையும் எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் கழிப்பறை எங்கே என்று கேளுங்கள். அது இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வெயிலில் நிற்பார்கள். அதற்கப்புறம் ஓபியில் நீர்க்கடுப்பு என்று வரும் உப்பளத்துப் பெண்ணிடம் என்ன கேட்பது என்று உங்களுக்கே தெரியும்.

தொழில் நோயைக் கண்டுபிடித்தால் தெரிவிப்பது கட்டாயமா, நம் விருப்பமா? (திருவாடானை)

சட்டத்தின் பட்டியலில் உள்ள 29 நோய்களில் ஒன்று தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இருந்தால் பார்த்த மருத்துவர் எழுத்தில் தெரிவித்தே ஆக வேண்டும். முன்பு 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் 89ஆம் பிரிவு, இப்போது 2020 தொழில் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பில் 12ஆம் பிரிவு. பாசி எடுப்பவரும் கரிமூட்டக்காரரும் அந்த வளையத்துக்குள் வருவதில்லை, அதனால் அவர்கள் கேஸ் ஷீட்டில் தொழிலைத் தெளிவாக எழுதி வையுங்கள். பின்னால் உதவிக்கு அலையும்போது கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

சங்கு குளிக்கிற தம்பிக்குக் கரையேறின அன்று சாயந்திரமே தோள்பட்டை வலி. வலி மாத்திரை கொடுத்து அனுப்பினேன். சரிதானே? (பெரியபட்டினம்)

சரியில்லை. எத்தனை பாகம் (ஆழத்தின் அளவு) ஆழம், குழாய் வழியே வரும் கம்ப்ரஸர் காற்றா, எத்தனை முங்கு என்று கேட்டீர்களா? கம்ப்ரஸர் என்றால் அது வேறு காரணம் தெரியும்வரை காற்றழுத்த நோய்தான் (ஆழத்திலிருந்து ஏறும்போது உடலுக்குள் காற்றுக் குமிழி உண்டாவது). உடனே திரும்பக் கூப்பிடுங்கள், படுக்க வைத்து முழு ஆக்ஸிஜன் கொடுங்கள், உயரழுத்த ஆக்ஸிஜன் அறை உள்ள இடத்துக்குப் போன் போடுங்கள். பதிலைப் படித்து முடித்துவிட்டு அல்ல, இப்போதே.