கடன் முடிந்தது, வில்லங்கம் முடிந்ததா?
வீடு, மனை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டுக் கடனை முழுவதும் அடைத்து, ‘நோ டியூ’ சான்றும் அசல் பத்திரங்களும் வாங்கிவிட்டேன். வீட்டை விற்கப் போனால், வாங்க வந்தவர் ‘ஈ.சி.யில் (வில்லங்கச் சான்றில்) இன்னும் வங்கி அடமானம் நிற்கிறதே’ என்கிறார். எப்படி? (வாசகர், திருச்சி)

பதில்: அவர் சொல்வது சரிதான். கடன் வாங்கும்போது அசல் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்தீர்கள் இல்லையா, 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவுப்படி அதுவே ஓர் அடமானம். நம் ஊரில் வங்கிகள் அதை எம்.ஓ.டி. (பத்திர ஒப்படைப்புக் குறிப்பு) என்ற பெயரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்கின்றன. அந்தப் பதிவு வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். கடனை அடைத்ததாலேயே தானாக இறங்காது.

அதை முடித்துவைப்பது ‘ரசீது ஆவணம்’. வங்கி சார்பில் கையெழுத்திட அதிகாரம் பெற்றவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து இதைப் பதிவு செய்து தரவேண்டும். பதிவானாலும் பழைய எம்.ஓ.டி. வரி அழியாது, ரசீது என்று இன்னொரு வரி சேரும். வாங்குபவரின் வக்கீல் தேடுவது அந்த வரியைத்தான். எனவே ரசீதில் எம்.ஓ.டி.யின் ஆவண எண், ஆண்டு, கடன் தொகை, சொத்து விவரம் எல்லாம் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். சர்வே எண்ணில் ஓர் உட்பிரிவு விட்டுப்போனாலும் மறுபடி வங்கி அதிகாரியைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

பலர் சிக்குவது இரண்டு இடங்களில். நடுவில் அதே வீட்டின் மேல் டாப்-அப் (கூடுதல்) கடன் வாங்கியிருந்தால் அதற்குத் தனியாக ஒரு எம்.ஓ.டி. பதிவாகியிருக்கலாம், முதலாவதை மட்டும் முடித்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவார்கள். கடனை வேறு வங்கிக்கு மாற்றியிருந்தால் பழைய வங்கியின் எம்.ஓ.டி. அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். பதிவுத்துறை இணையதளத்தில் ஈ.சி.யை இலவசமாகவே பார்க்கலாம். கடன் வாங்கிய ஆண்டுக்கு முன்பிருந்து இன்றுவரை போட்டுப் பாருங்கள். செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டிலும் வங்கி இந்த அடமானத்தை ஏற்றியிருக்கும். அதையும் நீக்கச் சொல்லுங்கள்.

இதற்காக வங்கியிடம் கெஞ்ச வேண்டியதில்லை. முழுக் கடனும் அடைபட்ட 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவேடுகளில் உள்ள அடமானத்தையும் நீக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வங்கியின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தரவேண்டும். கடன் முடிந்த தேதியைக் குறிப்பிட்டுக் கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 8 லட்சம் கொடுத்தால் இரண்டு வருடம் வாடகை இல்லாமல் இருக்கலாம் என்று ஒரு வீட்டை ‘லீஸுக்கு’த் தருகிறார்கள். 20 ரூபாய் பத்திரத்தில் 11 மாத ஒப்பந்தம், பிறகு புதுப்பிக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். போகலாமா? (வாசகி, தாம்பரம்)

பதில்: இப்படியே போகாதீர்கள். ஊர்ப்பக்கம் முறையாகப் பதிவு செய்கிற ஒத்தி வேறு, இது வேறு. ஒத்தியில் சொத்தே உங்கள் பணத்துக்கு ஈடு, ஈ.சி.யில் தெரியும், பணம் திரும்பும் வரை அனுபவம் உங்களிடம். பதிவில்லாத லீஸில் உங்கள் 8 லட்சத்துக்கு வீட்டுக்காரரின் வாக்குதான் ஈடு.

முதலில் அந்த வீட்டின் ஈ.சி.யைப் பாருங்கள். எம்.ஓ.டி. இருந்து ரசீது இல்லையென்றால் வீடு வங்கியின் பிடியில் இருக்கிறது என்று பொருள். அவர் தவணை கட்டாமல் விட்டால், வங்கி, கடனை மீட்பதற்கான சர்ஃபாசி சட்டத்தில் 60 நாள் நோட்டீஸ் கொடுத்து அடுத்து வீட்டையே கைப்பற்றலாம். அடமானத்தில் உள்ள சொத்தை மொத்தமாக முன்பணம் வாங்கிக் குத்தகைக்கு விடுவதைச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 65-ஏ பிரிவும் ஏற்பதில்லை. அந்த நிலையில் உங்கள் 11 மாதத் தாள் வங்கியைத் தடுக்காது. ஈ.சி. சுத்தமாக இருந்தால், இரண்டு வருடத்துக்கே ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். பணத்தை ரொக்கமாகத் தராதீர்கள்.

கேள்வி: பத்திரத்தில் ஒரு கிரவுண்ட், பட்டாவில் 0.02.25 என்று இருக்கிறது. இடம் குறைகிறதா? (வாசகர், செங்கல்பட்டு)

பதில்: குறையவில்லை. பட்டாவில் உள்ளது ஹெக்டேர், ஏர் கணக்கு. 2.25 ஏர் என்றால் சுமார் 2,422 சதுர அடி. ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பத்திரத்தின் நான்கு பக்க அளவை டேப் வைத்து மனையில் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

கேள்வி: 1,200 சதுர அடி ஃபிளாட்டுக்கு யு.டி.எஸ். (நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு) 480 சதுர அடி என்கிறார் பில்டர். இது சரியா என்று எப்படிப் பார்ப்பது? (வாசகர், கோவை)

பதில்: மொத்த நிலம் 24,000 சதுர அடி, எல்லா ஃபிளாட்டுகளின் விற்பனைப் பரப்பும் சேர்ந்து 60,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 24,000-ஐ 60,000-ஆல் வகுத்து 1,200-ஆல் பெருக்கினால் 480. சாலைக்காகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த இடம் இருந்தால் அதைக் கழித்துவிட்டு மீதி நிலத்தில்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும். அதைக் கழிக்காமல் பங்கு போட்டால், எல்லோருடைய யு.டி.எஸ்.ஸையும் கூட்டும்போது உள்ள நிலத்தைவிட அதிகமாக வரும்.

அந்த 1,200 சூப்பர் பில்ட்-அப் பரப்பாக இருக்கலாம், படிக்கட்டும் லிஃப்டும் அதில் சேர்ந்திருக்கும். ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கணக்கில் எடுப்பது கார்ப்பெட் ஏரியாவை: உள் தடுப்புச் சுவர்கள் சேரும், வெளிச்சுவர், பால்கனி, தனி மொட்டைமாடி சேராது. ஒப்பந்தத்தில் அந்த எண் தனியாக இருக்க வேண்டும். ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு அனுமதி இல்லை.

கேள்வி: ரூஃப் கான்கிரீட் போட்டு ஐந்தாம் நாளே சென்ட்ரிங் பிரிக்கலாம் என்கிறார் மேஸ்திரி. சரியா? (வாசகி, மதுரை)

பதில்: கூடாது. பக்கப் பலகைகளை ஒரு நாளில் எடுத்துவிடலாம், முட்டு அப்படியல்ல. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-ன்படி 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமின் அடி முட்டு 6 மீட்டர் வரை 14 நாள், மேலே 21 நாள். இது ஓ.பி.சி. எனும் சாதாரண சிமெண்டுக்கு. பி.பி.சி. எனும் கலப்பு சிமெண்ட் என்றால் இன்னும் சில நாள் கூட்டுங்கள்; கியூரிங்கும் (நனைத்து வைப்பதும்) 10 நாளுக்குக் குறையக் கூடாது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதே நல்லது.

ஆள் வைத்துக் கலவை போட்டால் தண்ணீரைக் கவனியுங்கள். எம்-20 தரக் கலவையில் ஒரு மூட்டை சிமெண்டுக்கு 30 லிட்டர்தான் உச்சம். ஓட்டம் வரவேண்டும் என்று குடம் குடமாக ஊற்றினால் கான்கிரீட் பலம் இழக்கும், வெடிப்பு விடும்.

பால்கனியும் சன்ஷேடும்தான் அதிகம் கவலைப்பட வேண்டிய இடங்கள். அங்கே இழுவை மேல்பக்கம் விழுவதால் மெயின் கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் அதன் மீது நடந்தே கீழே அமுக்கிவிடுவார்கள். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. முட்டு எடுத்ததும் சுவரோரம் மேல்பக்கம் நீளமாக வெடிப்பு வரும், பிறகு தொங்கும். அடியில் மேல் கம்பியைத் தாங்கும் சேர் கம்பி கொடுத்து, நடக்கத் தனியாகப் பலகை போடச் சொல்லுங்கள். பிரிக்கும்போது நுனியில் உள்ள முட்டை முதலில் எடுத்து, சுவரை நோக்கி வரவேண்டும்.